பல்லி இல்லை, பெட்ரோல் பம்பு

என் கூடப்பிறந்த செல்லையாவுக்கு, உன் அக்கா எழுதுகிறேன்.

நீ போய் வருஷத் திதியும் கொடுத்தாயிற்று. இந்தக் கடிதத்தை எந்த விலாசத்துக்கும் போட முடியாது என்று எனக்குத் தெரியும். அதனால் ஊரார் வாசிக்கட்டும் என்று எழுதுகிறேன். நீ என்னைப் பார்த்துச் சிரித்தது ஊரார் நடுவில்தானே? பதிலும் அங்கேயே இருக்கட்டும்.

முதலில் சேதி. நீ போகும்போது நாம் திருவனந்தபுரத்துக்குக் கீழே இருந்தோம். இப்போது சென்னைக்குக் கீழே இருக்கிறோம். நம் பறக்கை ஊரில் கொடி கட்டி மிட்டாய் கொடுத்தார்கள். குளம் அதே இடத்தில்தான் கிடக்கிறது, குளத்தங்கரை ரோட்டுப் பள்ளமும் அங்கேயேதான் இருக்கிறது. நடவு முடிந்துவிட்டது. உன் பெண்டாட்டி நாகம்மை இளைத்துப் போனாள். உன் மகள் பகவதிக்குப் பூதப்பாண்டியிலிருந்து கல்யாணத்துக்கு ஓர் இடம் வந்தது.

அந்த இடத்தைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். உன் காரின் பெட்ரோல் பம்பைப் பற்றியும் எழுத வேண்டும். இரண்டும் ஒன்றாகச் சிக்கிக்கொண்டதற்குக் காரணம் நீ.

வாசிக்கிறவர்களுக்காக உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் திரும்பச் சொல்கிறேன், பொறுத்துக்கொள். மலையில் ரப்பர்த் தோட்டம் வைத்திருந்த வெள்ளைக்காரர் கப்பல் ஏறும்போது விற்றுவிட்டுப் போன பழைய காரை நீ வாங்கி வாடகைக்கு ஓட்டினாய். பின்னால் இருக்கும் டாங்கியிலிருந்து பெட்ரோலை இழுத்து என்ஜினுக்குக் கொடுக்க, அந்தக் காரில் பாட்டரியில் ஓடும் ஒரு சின்ன பம்பு உண்டு. பானட்டைத் திறந்தால், முன் சீட்டுக்கு முன்னாலுள்ள தகட்டில் தண்ணீர்ச் செம்பு அளவில் ஒட்டிக்கொண்டிருக்கும். சாவியைத் திருப்பினால் டிக் டிக் டிக் என்று நாலைந்து தட்டு தட்டும். என்ஜினுக்கு வேண்டியது நிறைந்ததும் அடங்கிவிடும். ஓடும்போது அவ்வப்போது ஒரு தட்டு. நல்ல பம்புக்கு அவ்வளவுதான் சத்தம்.

அந்தச் சத்தம் சுவரில் பல்லி சொல்வது மாதிரியே இருந்தது. அதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது.

சுசீந்திரத்து வீட்டார் பெண் பார்த்துவிட்டு உன் காரில் திரும்பும்போது, "இந்த எடம் நமக்குப் பொருந்தும்" என்று அவர்கள் வீட்டுப் பெரியவர் சொன்னாராம். அந்த நேரம் பார்த்துப் பம்பு தட்டியதாம். "சொல்லியாச்சு, சொல்லியாச்சு" என்று காருக்குள் இருந்த அத்தனை பேரும் விரலை மடக்கிச் சீட்டிலும் கதவிலும் தட்டினார்களாம். அது பல்லி இல்லை என்று நீ வாயைத் திறந்தாயா? இல்லை. அந்தக் கல்யாணம் நடந்தது. அன்றிலிருந்து உன் காருக்குப் பல்லிக் கார் என்று பெயர். பெண் பார்க்க, நிச்சயம் பண்ண, பாகம் பிரிக்க, எதற்கும் உன் காரையே கேட்டார்கள். சொல்லும் வாக்குக்குச் சாட்சி கூடவே வரும் கார் வேறு யாரிடம் இருந்தது?

எனக்கு யாரும் எதையும் சொல்லித் தந்ததில்லை. எழுத்தைப் பலசரக்குப் பொட்டலக் காகிதத்தில் படித்தேன். தையல் மெஷினை நானே கழற்றி நானே மாட்டினேன். அதில் ஒரு விஷயம் கண்டேன். துணி வைத்து ஓட்டும்போது மெஷினுக்கு ஒரு சத்தம். துணி இல்லாமல் சும்மா ஓட்டினால் வேறு சத்தம், உள்ளே ஒன்றும் இல்லாத சத்தம். கண்ணை மூடிக்கொண்டு இருந்தாலும் எனக்கு வித்தியாசம் தெரியும்.

என் மெஷினுக்கும் கார் நிற்கும் கொட்டகைக்கும் நடுவே ஒரு சுவர்தான். காலையில் நீ சாவியைத் திருப்புவது எனக்குக் கேட்கும். நாலைந்து தட்டில் அடங்கிய பம்பு ஒரு நாள் அடங்கவில்லை. பிறகு தினமும் அடங்கவில்லை. தட்டும் வேகமாயிற்று. துணி இல்லாத மெஷினின் சத்தம் அதில் கேட்டது.

உன்னிடம் வந்து சொன்னேன். பிள்ளையார்கோவில் முக்கில் உன் கூட்டாளிகளோடு உட்கார்ந்திருந்தாய்.

"ஏலே செல்லையா, ஒனக்க பம்பு பெட்ரோல இழுக்கல்ல, காத்த இழுக்கு. எங்கயோ குழாய் விட்டிருக்கு, பாரு."

"எக்கா, நீ ஜாக்கெட்டுக்குக் கை வெட்டு. எனக்க காருக்குக் காது வைக்காண்டாம்."

"காது இருக்கவ கேக்கத்தான் செய்வா."

"பல்லி கூடுதலாச் சொன்னா எனக்கு ஓட்டமும் கூடும்லா? ஒனக்கு என்ன வந்திச்சு?"

"மெஷினக்கா போயி ஒரு மூடி தச்சுக் கொண்டாங்கோ, பல்லிக்க வாய மூடிருவோம்" என்று உன் கூட்டாளி ஒருவன் சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். அன்றோடு எனக்கு மெஷினக்கா என்று பெயர் நிலைத்தது.

அதற்குப் பிறகு நீ போகும்வரை காரைப் பற்றி உன்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. சோறு போட்டேன், சட்டை துவைத்தேன், பேசவில்லை. சில நாளில் பம்புச் சத்தம் பழையபடி அடங்கியது, தானாகச் சரியாயிற்று என்று நினைத்தேன். அந்தச் சமயத்தில் துவைகல்லில் வைத்திருந்த என் சோப்பின் ஒரு மூலை அறுபட்டிருந்தது. நாகம்மையைக் கேட்டதற்கு எலி என்றாள். சோப்பைக் கத்தி வைத்து அறுத்த மாதிரி தின்னும் எலியை நான் பார்த்ததில்லை. அப்போது அதையும் பேசாமல் விட்டேன்.

பிறகு காய்ச்சல் வந்தது, நீ போனாய்.

நாகம்மையின் அண்ணன் ஆறுமுகம் காரைப் பொறுப்பேற்றான். ஞானமுத்து ஓட்டுகிறான். நல்ல பையன், கார் கழுவும்போது நான் கேட்டதற்கெல்லாம் பம்பு எங்கே, குழாய் எங்கே என்று காட்டித் தருவான். ஆனால் நட்டில் கை வைக்க ஆறுமுகம் விடமாட்டான். சத்தம் திரும்ப வந்து முற்றிக்கொண்டே போயிற்று. நான் சொன்னேன். "அக்கா, அந்தச் சத்தந்தான் இந்த வீட்டுக்குச் சோறு போடுகு. அத நிறுத்தச் சொல்லுதியளா?" என்று கேட்டான். உன்னிடம் படித்தவன்தானே.

பூதப்பாண்டிக்காரர்கள் பெண் பார்க்க வருவதாகச் சொன்னபோது, மாப்பிள்ளையின் அம்மா ஒன்று கேட்டு அனுப்பினாள். பல்லிக் காரை அனுப்ப வேண்டும், பல்லி என்ன சொல்கிறது என்று தன் காதால் கேட்க வேண்டும். ஆறுமுகத்துக்கு ஒரே சந்தோஷம். எனக்கு ஒரே கேள்வி. அந்தப் பம்பை நம்பிப் பூதப்பாண்டி வரைக்குமா?

அவர்கள் வருகிற அன்று காலையில், ஆறுமுகமும் ஞானமுத்துவும் காரை எடுத்துக்கொண்டு அழைக்கப் போன பிறகு, நாகம்மை என்னிடம் வந்து, தரையைப் பார்த்துக்கொண்டு, "மைனி, அவங்க வந்து எறங்குத நேரம் மட்டும் நீங்க அடுக்களைக்குள்ள இருங்கோ. தப்பா நெனைக்காண்டாம்" என்றாள். நான் தாலி அறுத்தவள். இந்தப் பேச்சு எனக்குப் புதிது இல்லை. சரி என்றேன். அவியலுக்குக் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் ஞானமுத்து ஓடி வந்தான்.

"எக்கா, வண்டி குளத்தங்கரையில நின்னு போச்சு. பல்லி நிறுத்தாம கத்திச்சு எக்கா. அந்தம்மா எறங்கித் திரும்பிப் போறேன்னு நிக்கா."

நடந்தது இதுதான். காருக்குள் அந்த அம்மாள், "பகவதிய எனக்க மகனுக்கு எடுக்கலாமா?" என்று உரக்கக் கேட்டிருக்கிறாள். வழி முழுக்கத் தட்டிக்கொண்டு வந்த பம்பு, பள்ளத்தில் கார் குலுங்கியதும் நிறுத்தாமல் அடிக்கத் தொடங்கியது. என்ஜின் இரண்டு தடவை இருமி நின்றது. ஞானமுத்து பயந்துபோய்ச் சாவியை அணைத்தான். சத்தம் சட்டென்று நின்றது. "பிள்ள பேரச் சொன்ன ஒடனே கத்திக் கத்தி வாயடைச்சுப் போச்சே!" என்று அந்த அம்மாள் கீழே இறங்கிவிட்டாள்.

நூலும் கத்தரியும் இருக்கும் என் மெஷின் பையை எடுத்தேன். விட்ட இடத்தை அடைக்க உதவும் என்று சோப்பை எடுத்தேன். கழுவி வைத்திருந்த கண்ணாடிக் குப்பி ஒன்றையும் எடுத்துக்கொண்டேன். நாகம்மை வாசலில் குறுக்கே நின்றாள்.

"மைனி, நீங்க எதிர போவாண்டாம். இருக்கதும் கெட்டுப் போவும்."

"நான் போகல்லன்னா அவ வரமாட்டா. வழி விடு, ஏட்டி."

குளத்தங்கரையில் அந்த அம்மாள் குடையைப் பிடித்துக்கொண்டு வந்த வழியைப் பார்த்து நின்றாள். அவளுடைய தம்பி பக்கத்தில் நின்றார். ஆறுமுகம் கையைக் கட்டிக்கொண்டு வியர்த்துப்போய் நின்றான்.

"இது யாரு?"

ஆறுமுகம் இழுத்து இழுத்துச் சொன்னான். "செல்லையாக்க அக்கா... பிள்ளைக்க அத்த."

அவள் என் நெற்றியைப் பார்த்தாள், கழுத்தைப் பார்த்தாள். நான் காரைப் பார்த்தேன். பானட்டைத் திற என்று ஞானமுத்துவிடம் சொன்னேன். அவன் ஆறுமுகத்தைப் பார்த்தான். "அங்க என்ன பாக்க? தொற" என்றேன்.

சாவியைத் திருப்பச் சொன்னேன். பம்பு படபடவென்று அடித்தது. டாங்கியில் பெட்ரோல் இல்லாவிட்டாலும் இப்படி அடிக்கும். அதனால் ஒரு குச்சியை விட்டுப் பார்க்கச் சொன்னேன். பாதிக் குச்சி நனைந்து வந்தது. என்ஜின் பக்கம் எங்கேயாவது ஒழுகினாலும் அடங்காமல் தட்டும். தடவிப் பார்த்தேன், ஈரம் இல்லை, வாடையும் இல்லை. மிச்சம் இருப்பது நான் உன்னிடம் சொன்னதுதான்.

பம்பிலிருந்து என்ஜினுக்குப் போகும் குழாயை என்ஜின் பக்கத்தில் கழற்றிக் குப்பிக்குள் விடச் சொன்னேன். சாவியைத் திருப்பினான். கொஞ்சம் பெட்ரோல் வந்தது, மிச்சமெல்லாம் குமிழி. குப்பிக்குள் சோடா மாதிரி கொப்புளித்தது.

குடை கிட்டே வந்தது. "அது என்னது, நுரை?"

"காத்து. டாங்கியில இருந்து வருத குழாயில எங்கயோ விட்டிருக்கு. பெட்ரோல இழுக்கதுக்குப் பதிலாக் காத்த இழுத்துக்கிட்டுக் கெடந்து அடிக்கு."

பிறகு டாங்கிக் குழாய் பம்பில் வந்து சேரும் நட்டைத் தடவினேன். ஏதோ காய்ந்துபோய் வெடிப்பு வெடிப்பாக ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டி முகர்ந்து பார்த்தேன். சோப்பு. என் துவைக்கிற சோப்பு.

செல்லையா, அந்தச் சோப்புக்குக் கீழே நூல் சுற்றியிருந்தது. தலையணை உறைக்கு ஓரம் அடிக்க நான் வைத்திருக்கும் தடித்த சிவப்பு நூல். மரை தேய்ந்த நட்டில் நூலைச் சுற்றிச் சோப்பை அப்பி முறுக்கியிருக்கிறாய். பெட்ரோல் சோப்பைக் கரைக்காது. உனக்கு அது தெரிந்திருக்கிறது. காய்ந்தால் சோப்பு வெடிக்கும், திரும்பத் திரும்பப் பூச வேண்டும். நீ போன பிறகு பூச ஆள் இல்லை.

அப்படியானால் முக்கில் வைத்துச் சிரித்துவிட்டு நேரே கொட்டகைக்குப் போய் நான் சொன்ன இடத்தைத்தான் பார்த்தாயா? நான் சுவருக்கு இந்தப் பக்கம் இருக்கும்போதேவா? என்றைக்கு என் மெஷினிலிருந்து நூலை எடுத்தாய்? என்னிடம் மட்டுமாவது, தனியாக, "எக்கா, நீ சொன்னது சரி" என்று ஒரு தடவை சொல்லியிருந்தால் உனக்கு என்ன குறைந்திருக்கும்?

இதை எல்லாம் அங்கே நின்று யோசிக்க நேரம் இல்லை. பழைய நூலை அறுத்து எறிந்தேன். பெட்ரோலில் ஊறிச் சக்கையாகப் போயிருந்தது. பையிலிருந்து அதே சிவப்பு நூலை எடுத்து உன்னைவிட நெருக்கமாகச் சுற்றினேன். சோப்பைக் குழைத்து அப்பினேன். ஞானமுத்து ஸ்பேனரால் முறுக்கினான். குழாயை என்ஜினில் மாட்டிச் சாவியைத் திருப்பினான். முதலில் வேகமாக அடித்தது. பிறகு நிதானமாயிற்று. ஒரு தட்டு. இன்னொரு தட்டு. அடங்கியது.

"நின்னு போச்சே!" என்றாள் அந்த அம்மாள்.

"நிக்கணும். நின்னாத்தான் நெறஞ்சிருக்குன்னு அர்த்தம்."

என்ஜின் பிடித்தது. ஆறுமுகத்துக்கு உயிர் வந்தது. அதோடு புத்தியும் வந்தது. என்ஜின் ஓடும்போது கொஞ்ச நேரத்தில் பம்பு எப்படியும் ஒரு தட்டு தட்டும் என்று அவனுக்குத் தெரியும். "அம்மா, இப்பம் பிள்ள பேரச் சொல்லிக் கேளுங்கோ. பல்லி நல்ல வாக்குச் சொல்லும்" என்றான்.

அவளுக்கும் அது வேண்டியிருந்தது. முகம் தெளிந்து குடையை மடக்கினாள். கார்க் கதவில் தட்டுவதற்கு விரலை மடக்கி வைத்துக்கொண்டு வாயைத் திறந்தாள்.

நான் உள்ளே கையை விட்டுச் சாவியைத் திருப்பி எடுத்துக்கொண்டேன்.

"எக்கா!" என்று ஆறுமுகம் அலறினான்.

"கேக்காண்டாம் அம்மா. இது பல்லி இல்ல, பெட்ரோல் பம்பு. யாரு பேரச் சொன்னாலும் தட்டும். எருமைக்க பேரச் சொன்னாலும் தட்டும். எங்க பிள்ளைய நீங்க பம்புக்க வாக்குல எடுக்காண்டாம்."

"அப்பம் எங்க அண்ணன் மகளுக்கு நிச்சயம் பண்ணிட்டு இதே கார்ல வரும்பம் சொல்லிச்சே?"

"அதுவும் பம்புதான்."

"அவ நல்லாத்தான இருக்கா?"

"இருக்கட்டும். அது அவளுக்க சாமர்த்தியம். பம்புக்கு அதுல பங்கு கெடையாது."

அவளுடைய தம்பி சிரித்துவிட்டார். அவள் திரும்பி ஒரு பார்வை பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார்.

"அப்பம் நான் என்னத்தக் கேட்டு முடிவு பண்ண? நீங்களே சொல்லுங்கோ."

"வீட்டுக்கு வந்து பிள்ளையப் பாருங்கோ. பேசுங்கோ. பிடிச்சிருந்தா எடுங்கோ. பிடிக்கல்லன்னா இதே வண்டி ஒங்களக் கொண்டு விடும். நிக்காது. அதுக்கு மட்டும் நான் வாக்குத் தாறேன்."

சாவியை ஞானமுத்துவிடம் கொடுத்தேன். அவள் ஏறி உட்கார்ந்தாள். கார் போயிற்று. நான் குளத்தில் கையைக் கழுவிவிட்டு வயல் வரப்பு வழியாக வீட்டுப் பின்கட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

அவர்கள் வந்தார்கள், பகவதியைப் பார்த்தார்கள், பேசினார்கள், சாப்பிட்டார்கள். சொல்லி அனுப்புகிறோம் என்று போனார்கள். கார் நிற்காமல் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தது.

அன்றிலிருந்து வீட்டில் என்னிடம் பேச்சு இல்லை. ஆறுமுகம் நான் இருக்கும் பக்கமே திரும்பவில்லை. நாகம்மை மட்டும் ஒரு நாள் பாத்திரம் தேய்த்துக்கொண்டே அழுதாள். "பொய் சொல்லக்கூட வேண்டாமே மைனி. நீங்க பேசாம இருந்திருந்தாப் போதும்லா. எனக்க பிள்ளைக்கு ஒரு வழி தெறந்திருக்கும்லா."

அவள் கேட்டதில் தப்பு இல்லை. நீ இருந்திருந்தால் பேசாமல்தான் இருந்திருப்பாய், சுசீந்திரத்துக்காரர்களிடம் இருந்த மாதிரி. ஆனால் யோசித்துப் பார். அந்தப் பெண் அங்கே போய் வாழ வேண்டும். அவள் பெயரைச் சொல்லும்போது ஒரு பல்லி சொன்னது என்று அழைத்துப் போனால், இன்னொரு நாள் வேறொரு பல்லி வேறொன்று சொன்னது என்று திருப்பி அனுப்ப மாட்டார்களா? திரும்ப அப்படி ஒரு நிலைமை வந்தாலும் நான் சாவியைத்தான் எடுப்பேன்.

பகவதி என்ன நினைத்தாள் என்று கேட்கிறாயா? அவள் உன் மகள், வாயால் ஒன்றும் சொல்லவில்லை. ராத்திரிச் சாப்பாட்டில் என் இலையில் மட்டும் இரண்டாவது அப்பளம் வைத்தாள்.

கொஞ்ச நாள் கழித்து அந்தத் தம்பிக்காரர் பஸ்ஸில் வந்து இறங்கினார். இடம் பிடித்திருக்கிறது, தை மாதம் முகூர்த்தம் பார்க்கலாம் என்றார். நாகம்மை நிலைப்படியைப் பிடித்துக்கொண்டாள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அக்கா ஒரே ஒரு காரியம் கேட்டு அனுப்பிச்சிருக்கா" என்றார்.

"பெண்ணு வருத கார்ல அந்த அத்தையும் கூட ஏறி வரணுமாம். 'வழியில வண்டி நின்னா யாரு பாப்பா? ஆறுமுகமா பாப்பாரு?'ன்னு கேக்கா."

ஆறுமுகம் தலையைக் குனிந்துகொண்டான். நாகம்மை அடுக்களை வாசலுக்கு வந்து, "மைனி, கேட்டியளா?" என்றாள். கேட்டது என்றேன். எனக்குக் காது உண்டு.

நூலும் சோப்பும் வழியில் செய்துகொள்கிற வேலைதான். நாகர்கோவிலில் அலைந்து சரியான நட்டும் பித்தளை வாஷரும் வாங்கிப் போட்டாயிற்று. இப்போது காரைப் பல்லிக் கார் என்று யாரும் கூப்பிடுவதில்லை. பெண் பார்க்கப் போகிறவர்கள் கேட்பதும் குறைந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் கேட்கிறார்கள். நிற்காமல் போகும் என்று பெயர் வந்திருக்கிறது. எனக்கு அது போதும்.

நீ நான் சொன்னதைக் கேட்டாய் என்பதை நூல் காட்டிக்கொடுத்துவிட்டது. ஆனாலும் நீ வாயால் சொல்லாத குறை குறைதான். அதை நான் விடுவதாக இல்லை. எப்போதாவது நேரில் பார்த்தால் முதலில் அதைத்தான் கேட்பேன்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். தையில் பகவதியை நடுவில் உட்கார வைத்து, நான் முன் சீட்டில் மெஷின் பையோடு ஏறுவேன். ஞானமுத்து சாவியைத் திருப்புவான். நாலைந்து தட்டுக் கேட்கும், பிறகு ஒரு சத்தமும் இருக்காது. எங்கே இருந்தாவது நீ காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தால், என்ன ஆயிற்றோ என்று பயப்படாதே. நிறைந்துவிட்டது, புறப்படுகிறோம் என்று அர்த்தம்.

இப்படிக்கு,
நீ கேட்டுச் சிரித்த பெயரிலேயே,
உன் மெஷினக்கா